நாற்பத்தொன்றும் பச்சை

வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கெல்லாம் என் பட்டியலில் இருந்த நாற்பத்தொரு பிளகின்களுக்கு நேரேயும் பச்சைப் புள்ளி விழுந்துவிட்டது. விசாரணை திங்கட்கிழமைதான். நான்கு நாள் மிச்சம் வைத்து முடித்துவிட்ட திருப்தியில் நாற்காலியைப் பின்னால் தள்ளி, "அண்ணாச்சி, முடிஞ்சிட்டு!" என்று கத்தினேன்.

அடுத்த அறையிலிருந்து சேர்மக்கனி அண்ணாச்சி வந்தார். எங்கள் அறக்கட்டளையின் செயலாளர். அவருடைய வாய் அசைந்தது. சட்டையின் இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் குத்தியிருந்த சின்ன ஸ்பீக்கர் பேசியது.

"எல்லாமேவா? அந்த ஏச்சு பிளகின் கூடவா?"

"அதுவும்தான். புதுக் கோர்ல பழசவிட நல்லாவே ஏசுது."

"அப்பம் சரி. அது இல்லாம எங்க ஆளுவ எந்த ஆபீஸ்லயும் ஒரு காரியம் சாதிக்க முடியாது."

இங்கே கொஞ்சம் நிறுத்தி விளக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது.

தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த நீலமணி பேட்டரித் தொழிற்சாலையில் பதினோரு வருடத்துக்கு முன்னால் வாயு கசிந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் குரல்நாண் வெந்துபோனது. நாக்கு அசையும், உதடு அசையும், சத்தம் வராது. அவர்களுக்காக ஒரு பல்கலைக்கழகம் தாடைக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் பட்டை ஒன்றைக் கொடுத்தது. உள்ளே இருக்கும் தசைகளின் அசைவைப் படித்து அதை எழுத்தாக அனுப்பும் பட்டை. ஆனால் எங்கே அனுப்புவது? வாங்கி, கோத்து, குரலாக்கித் திருப்பித் தர ஒன்று வேண்டுமே. அவர்களுக்குத் தெரிந்த ஒரே கம்ப்யூட்டர் ஆள் இன்னாசி. பள்ளிக்கூடங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தவர். தெரிந்த வேலையை வைத்தே அவர் இதையும் செய்தார்.

வெப்சைட்டில் செய்தி போடுகிறவர் என்ன செய்கிறார்? எழுதுகிறார், அது வரைவாகக் கிடக்கிறது. பிறகு 'வெளியிடு' என்ற பொத்தானை அழுத்துகிறார், ஊருக்குத் தெரிகிறது. இன்னாசி பேச்சையும் அப்படியே வைத்தார். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு செய்தி. பேசுகிறவர்தான் அதை எழுதியவர். வாய்க்குள் சொல்லச் சொல்ல அது வரைவாகச் சேரும். நாக்கால் மேலண்ணத்தை ஒருமுறை தட்டினால் வெளியாகும், அதாவது ஸ்பீக்கர் பேசும். தட்டாவிட்டால் பேசாது. நினைத்துவிட்டு விழுங்கிக்கொள்ளும் உரிமை நமக்கெல்லாம் இருக்கிறதல்லவா, அது அவர்களுக்கும் இருக்கட்டும் என்றுதான் அந்தத் தட்டு. பத்தில் ஒரு விநாடியில் இவ்வளவும் நடந்துவிடும். எட்டு வருடமாக இந்தக் குரல்தளத்தை நான் பராமரிக்கிறேன். இன்றைக்கும் யாராவது முதல்முறை தட்டிப் பேசுவதைப் பார்த்தால் எனக்குச் சிலிர்க்கும்.

இப்படி ஒரு தளத்துக்கு அடியில் இருப்பதை உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்பார்கள். நாங்கள் கோர் என்போம். பஸ்ஸுக்கு சேசிஸ் மாதிரி. எஞ்சினும் சட்டமும் சக்கரமும் கம்பெனியிலிருந்து வரும். பாடி, சீட்டு, ஹாரன் எல்லாம் வேறு பட்டறையில் கட்டிக்கொள்வோம். அந்த ஹாரனும் சீட்டும்தான் பிளகின்கள். ஒவ்வொருவருடைய பழைய குரல் ஒரு பிளகின், ஊர்ப் பேச்சு ஒரு பிளகின், சிரிப்பு ஒன்று, ஜெபம் ஒன்று, ஏச்சு ஒன்று. சேசிஸ் மாறினால் ஒவ்வொரு போல்ட்டும் புது ஓட்டையில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் சேசிஸ் ரொம்பப் பழசு. ஒன்பதாம் பதிப்பு. மூன்றாவது விசாரணை ஆணையம் முதல்முறையாகச் சாட்சிகளை நேரில் பேச அழைத்தபோது ஒரு நிபந்தனை போட்டது: பன்னிரண்டாம் பதிப்பு, கோரைச் செய்த கம்பெனியின் முத்திரையோடு, கோரில் ஒரு வரிகூட மாற்றாமல் இருக்க வேண்டும். பழைய பதிப்பில் ஓட்டைகள் உண்டு, வெளியாள் யாராவது புகுந்து சாட்சியின் வாயில் வார்த்தையைப் போட்டுவிடலாம் என்பது காரணம். நியாயமான காரணம்தான். பிளகின்கள் இருக்கலாம், பட்டியல் கொடுத்துவிட வேண்டும்.

அதனால் தளத்தை அப்படியே, இத்தனை வருடத்துத் தரவோடு, ஒரு சோதனைப் பிரதி எடுத்தேன். அதில் எல்லாப் பிளகினையும் அணைத்தேன். கோரை ஏற்றினேன். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, நூற்றுப் பன்னிரண்டு பேரும் முன்பு வாசித்துக் கொடுத்திருந்த மாதிரி வாக்கியங்களை ஓட்டிப் பார்த்தேன். ஒன்பது நாள் வேலை. மூன்று பிளகின்கள் உடைந்தன, திருத்தினேன். நாற்பத்தொன்றும் பச்சை.

அன்று மதியம் மூன்று மணிக்கு வடிவு அக்கா ஒத்திகைக்கு வந்தார்.

சங்கரவடிவு என்பது முழுப்பெயர். ஐம்பத்துமூன்று வயது. வாயு கசிந்த அன்றைக்கு வால்வு அறையில் இரண்டு பேர் இருந்தார்கள்: ஒருவர் வடிவு அக்கா, இன்னொருவர் அமலி, சேர்மக்கனி அண்ணாச்சியின் மனைவி. அக்கா தவழ்ந்து வெளியே வந்தார். அமலி வரவில்லை. ஏழாம் வால்வைத் திறந்ததால்தான் வாயு கசிந்தது. 'அனுமதியில்லாமல் தொழிலாளி அமலி திறந்தார்' என்று பேட்டரிக் கம்பெனி சொன்னது. முதல் விசாரணை அறிக்கையிலும் அதுதான் அச்சானது. வடிவு அக்கா இரண்டு விசாரணைக்கும் எழுத்தில் கொடுத்த வாக்குமூலம் வேறு: மேலே இருந்து போன் வந்தது, அமலி எடுத்தாள், சொன்னபடி திறந்தாள். போனே வரவில்லை என்றது கம்பெனி. போனை அக்கா காதால் கேட்கவில்லையே, எடுத்ததைப் பார்த்ததுதானே என்று அதைத் தள்ளிவிட்டார்கள்.

"வெளிய என்ன வெயிலு பிள்ள. பட்டை வேர்வையில கழண்டு கழண்டு வருது" என்றபடி உட்கார்ந்தார்.

"புதுப் பட்டை தாரேன் அக்கா. சோதனைப் பிரதியில பேசிப் பாப்போம். வக்கீல் அனுப்புன கேள்விய நான் கேக்கேன், நீங்க பதில் சொல்லுங்க."

"நீ கேட்டா சிரிப்பு வரும்."

"வரட்டும். சிரிப்பு பிளகினையும் சோதிச்ச மாதிரி ஆச்சு."

பெயர், வயது, எத்தனை வருட வேலை. குரல் அழகாக வந்தது. பழைய தளத்தில் 'ழ'வில் ஒரு சின்ன உரசல் இருக்கும், அதுகூட இல்லை. நான்காவது கேள்வியைப் படித்தேன். "ஏழாம் வால்வைத் திறந்தது யார்?"

"ரெண்டாம் ஷிப்ட்டு முடியுத நேரம். ஏழாம் வால்வத் தொறந்தது..."

அக்கா நிறுத்தினார். உதடு மூடியிருந்தது. ஒரு விநாடி. இரண்டு.

"நான்தான்" என்றது ஸ்பீக்கர், அவருடைய குரலில்.

அவருடைய உதடு அசையவில்லை. தாடை அசையவில்லை. கண்கள் மட்டும் என்னைப் பார்த்தபடி இருந்தன. பிறகு கை மேலே போய்ப் பட்டையைப் பிய்த்து எடுத்தது. அந்த இடத்தில் தோல் சிவந்துபோனது.

நான் பழைய தளத்தின் பட்டையை எடுத்து நீட்டினேன். வெகுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்துவிட்டு ஒட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி எங்க?"

"வக்கீலப் பாக்கப் போயிருக்காவ."

"நான் நாக்கத் தட்டல பிள்ள."

"தெரியும் அக்கா. பதிவுல பாக்கேன், தட்டே இல்ல."

"பொறவு அது எப்படி எனக்கு முன்னால பேசும்?"

"தெரியல. கண்டுபிடிக்கேன். ஆனா ஒண்ணு. நீங்க எதுவும் சொல்லல. மிஷின் ஒண்ணச் சொன்னுச்சு. நான் கேட்டது அவ்ளோதான்."

அக்கா என்னை நம்பினாரா என்று தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "திங்கக்கெழம அங்கன வந்து இது இப்படிப் பேசுச்சுன்னா, நான் வரமாட்டேன்" என்றார். வாசலில் திரும்பி, "வராம இருந்தா அமலி பேருதான் நிக்கும். வந்தா இது பேசும். என்னைய எதுல கொண்டுபோய் விட்டிருக்க பாத்தியா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்படிப் பேசியது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. பன்னிரண்டாம் பதிப்பில் 'உதவும் நிறைவு' என்று ஒன்று இருக்கிறது. எழுதுகிறவர், எங்கள் தளத்தில் பேசுகிறவர், பாதியில் இரண்டு விநாடி நின்றால், சோர்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தானே நிரப்பி வெளியிட்டுவிடும். பக்கவாதம் வந்தவர்களுக்கு வரப்பிரசாதம். அணைக்கும் பொத்தான் கிடையாது. என் மாதிரி வாக்கியங்கள் எதிலும் அது தலைகாட்டவில்லை, ஏனென்றால் அவையெல்லாம் கடகடவென்று வாசித்தவை. தயங்கித் தயங்கிப் பேசியதை யார் மாதிரிக்குக் கொடுப்பார்கள்?

எதை வைத்து நிரப்புகிறது? அதைத்தான் அடுத்துத் தேடினேன். வெப்சைட்டுக்கான அமைப்புகள் எதையும் தாமாக அழிப்பதில்லை. கைதவறி எழுதியது போய்விடக் கூடாது என்று ஒவ்வொரு வரைவையும் தேதி போட்டு அடியில் வைத்திருக்கும். வடிவு அக்கா இத்தனை வருடத்தில் வெளியிட்டுப் பேசிய வாக்கியங்கள் சில லட்சம். வாய்க்குள் சொல்லி, நாக்கைத் தட்டாமல் விழுங்கியவையும் அதே அளவு. 'ஏழாம் வால்வைத் திறந்தது' என்று தொடங்குகிற வரைவுகளின் எண்ணிக்கையை மட்டும் திரையில் பார்த்தேன். இரண்டாயிரத்துக்கு மேல். ஒன்றையும் திறந்து படிக்கவில்லை. கோர் படித்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு கேள்வி மிஞ்சியிருந்தது. ஒன்பதாம் பதிப்பிலும் இந்த நிறைவு உண்டு என்று கையேடு சொல்கிறது. பிறகு ஏன் எங்கள் பழைய தளத்தில் ஒருநாளும் அது வேலை செய்யவில்லை? எங்கள் கோரையும் அதைச் செய்த கம்பெனியின் அசல் ஒன்பதாம் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டேன். ஒரே ஒரு கோப்பில் ஆறு வரி வேறாக இருந்தது. கீழே 'இ' என்று ஒற்றை எழுத்துக் கையெழுத்து.

இன்னாசி இப்போது மஸ்கட்டில் இருக்கிறார். கூப்பிட்டேன்.

"ஏட்டி டெல்பி, உயிரோடதான் இருக்கியா?"

"உங்களாலதான் இல்லாமப் போவப்போறேன். பிளகின போல்ட் போட்டு மாட்டு, சேசிஸ்ல கொண்டு வெல்டிங் அடிக்காதன்னு ஊரெல்லாம் லெக்சர் அடிச்சது யாரு?"

"நான்தான். அதுல என்ன தப்பு?"

"அப்பம் கோர்ல ஆறு வரிய வெல்டிங் அடிச்சது யாரு?"

"கண்டுபிடிச்சிட்டியா" என்றார்.

"கோர மாத்துனா அந்த வெல்டிங்கும் சேந்து போயிரும்ன்னு தெரியாதா உங்களுக்கு? பட்டியல்ல பேரே கிடையாது. நான் எங்கன்னு போய்ச் சோதிப்பேன்?"

"பட்டியல்ல வரக்கூடாதுன்னுதான் அப்படிப் போட்டேன். பேரு வந்தா, இது என்னத்துக்குன்னு ஒருத்தன் கேப்பான். அணைச்சுப் பாப்போமேன்னு இன்னொருத்தன் அணைப்பான்."

"யாரு கேட்டு இதப் போட்டிய?"

"தளம் தொடங்குன முத வாரத்துல ஒரு பொம்பள வந்து, நான் பாதியில நிறுத்துனா அது பாதியிலயே நிக்கணும்னு சொன்னாவ. ஏன்னு நான் கேக்கல. நீயும் கேக்காத."

வைத்த பிறகு பட்டியலை எடுத்து, கடைசியில் 'நாற்பத்திரண்டு' என்று எழுதி, நேரே சிவப்புப் புள்ளி வைத்தேன். கோரைத் தொட முடியாது, தொட்டால் முத்திரை போய்விடும். பிளகினாகத்தான் எழுத வேண்டும், பட்டியலில் பெயரோடு.

சேர்மக்கனி அண்ணாச்சி அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டார். "நேத்து முடிஞ்சிட்டுன்ன?"

நிறைவு எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் சொன்னேன். யார் வாயில் அதைப் பார்த்தேன் என்று சொல்லவில்லை.

"நல்லதுதானம்மா? எனக்கே சாயங்காலமானா தொண்ட சோந்து பாதியில நிக்குது. அது முடிச்சுக் குடுத்தா வேண்டாங்கவா போறேன்?"

"அது எதப் பாத்து முடிக்குங்கறதுதான் அண்ணாச்சி விஷயம். நீங்க தட்டாம விட்டதெல்லாம் அடியில கெடக்கு. அதையும் சேத்துப் படிக்குது."

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தட்டாம விட்டதெல்லாமா?"

"ஆமா."

"நான் தெனமும் காலையில அமலிகிட்ட பேசுவேன். வாய்க்குள்ளேயே. அதுவும் அங்கன கெடக்கா?"

"கெடக்கும். நான் படிக்கல அண்ணாச்சி. படிக்கவும் மாட்டேன்."

"யாரும் படிக்கப்புடாது" என்றார். மேசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, "மிஷினுந்தான்" என்றார். கதவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். "நாள தள்ளிவைக்கச் சொல்லி வக்கீல்கிட்ட பேசட்டுமா?"

"வேண்டாம். மூணு பகல் இருக்கு. முடிச்சிருவேன்."

கோரில் கொக்கிகள் என்று சில இடங்கள் உண்டு. இந்த இடத்தில் உன் பிளகினை மாட்டிக்கொள் என்று அதைச் செய்தவர்களே விட்டுவைத்த இடங்கள். நிறைவு தொடங்குகிற இடத்தில் கொக்கி இருந்தால் ஒரே வரியில் நிறுத்தியிருப்பேன். இல்லை. வெள்ளி மாலை வரை தேடினேன். சனிக்கிழமை காலையில் நிறைவை முந்திக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒன்றை எழுதினேன். பத்துக்கு ஏழு முறை முந்தியது. சாட்சிக்கூண்டில் பத்துக்கு ஏழு போதாது. அழித்தேன்.

சனி மதியம் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புலம் கண்ணில் பட்டது: 'எழுதியவர்'. ஒவ்வொரு செய்திக்கும் எழுதியவர் பெயர் இருந்தே ஆக வேண்டும். நிறைவு நிரப்பிய வார்த்தைகளுக்கும் கோர் பேசுகிறவர் பெயரையே போடுகிறது. அந்தப் பெயரைப் போடுகிற இடத்தில் ஒரு கொக்கி இருந்தது.

கோரின் பழைய, அசைக்க முடியாத விதி ஒன்று உண்டு. பத்திரிகை அலுவலகங்களுக்காக முதலில் செய்த அமைப்பு அல்லவா? ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் எழுதினால், உரியவர் ஒப்புக்கொள்ளும்வரை அது வெளியாகாது. வரைவாகவே நிற்கும். அப்படியானால் நான் நிறைவோடு சண்டை போடவே வேண்டாம். உண்மையைச் சொன்னால் போதும். இந்த வார்த்தைகளை எழுதியவர் சங்கரவடிவு அல்ல, கோர் என்று அந்தப் புலத்தில் எழுதிவிட்டால், கோரே தன் விதிப்படி தன் வாயை மூடிக்கொள்ளும்.

பதினொரு வரி. ஓட்டினேன். பட்டையை நானே ஒட்டிக்கொண்டு பாதி வாக்கியத்தில் நின்றேன். இரண்டு விநாடி, ஐந்து, முப்பது. திரையில் 'வரைவு' என்று மட்டும் இருந்தது. பட்டை லேசாக ஒருமுறை அதிர்ந்தது: நிரப்பியது காத்திருக்கிறது, வேண்டுமென்றால் ஒருமுறை தட்டு, வேண்டாமென்றால் இருமுறை. சோறு காய்ந்துபோயிருந்தது. நான் எழுந்து அந்தச் சின்ன அறையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் செய்தி அனுப்பினேன். நீங்கள் வெளியிடாத வரைவுகள் எங்களிடம் இருக்கின்றன, இத்தனை நாள் சொல்லாதது என் தவறு, வைத்திருக்கவா அழிக்கவா, உங்கள் விருப்பம். அறுபது பேருக்கு மேல் அழிக்கச் சொன்னார்கள். ஒருவர், 'என் பெஞ்சாதியை ஏசினது மட்டும் அழி, மத்தது இருக்கட்டும்' என்று எழுதினார். பிரித்து அழிக்க வேண்டுமானால் நான் படிக்க வேண்டும், அது முடியாது என்றேன். அப்படியானால் முழுசையும் கொளுத்து என்றார்.

வடிவு அக்கா நேரில் வந்தார். பதினேழு முறை பாதியில் நிறுத்திப் பார்த்தார். ஸ்பீக்கர் பதினேழு முறையும் சும்மா இருந்தது.

"வரைவ என்ன செய்யட்டும் அக்கா?"

"இருக்கட்டும்" என்றார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பதினொரு மணி. ஆணையத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிற பெண்மணி. முத்திரை சரிபார்த்தார்கள், சரி. பிளகின் பட்டியலை உரக்கப் படித்தார்கள். நாற்பத்திரண்டாவதை மட்டும் கம்பெனி வக்கீல் திரும்பப் படிக்கச் சொன்னார். வடிவு அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தார். அடுத்த சாட்சி சேர்மக்கனி அண்ணாச்சி, மூன்றாவது வரிசையில். நான் ஓரத்தில் மடிக்கணினியோடு.

நான்காவது கேள்வியைத் தலைவரே கேட்டார். "ஏழாம் வால்வைத் திறந்தது யார்?"

"ரெண்டாம் ஷிப்ட்டு முடியுத நேரம். ஏழாம் வால்வத் தொறந்தது..."

நின்றார்.

பெரிய திரையில் 'வரைவு' என்ற சொல். மின்விசிறிச் சத்தம். என் திரையில் மட்டும் அந்த வாக்கியத்தின் முனையில் சாம்பல் நிறத்தில் ஒன்று வந்து நின்றது. எழுதியவர்: கோர்.

"சாட்சி பதில் சொல்லவில்லை என்று பதிவு செய்துகொள்ளலாமா?" என்றார் கம்பெனி வக்கீல்.

"அவர் இன்னும் முடிக்கவில்லை. திரையைப் பாருங்கள்" என்றார் தலைவர்.

நாற்பது விநாடி. அறுபது. அக்கா ஒருமுறை தட்டியிருந்தால் போதும், சாம்பல் நிற வார்த்தை அவர் குரலில் வெளியாகியிருக்கும், வேலை முடிந்திருக்கும். இரண்டு தட்டு விழுந்தது. சாம்பல் மறைந்தது. பிறகு அவருடைய தாடை அசையத் தொடங்கியது, மெதுவாக, ஒவ்வொரு அசையாக. எழுபத்துமூன்றாவது விநாடியில் ஸ்பீக்கர் பேசியது.

"அமலி தொறக்கல. நான் தொறந்தேன். போன எடுத்ததும் நான்தான், அவ இல்ல. ஷிப்ட் எஞ்சினியர் பேசுனாரு. மீட்டரப் பாக்காண்டாம், தொறன்னு சொன்னாரு. மீட்டரு மூணு மாசமா ஓடல. அமலி வேண்டாம்னு என் கையப் புடிச்சா. நான் தட்டிவிட்டுட்டுத் தொறந்தேன். இத்தன நாளும் இவங்க எல்லாருக்கும் நடுவுல உக்காந்துக்கிட்டு எனக்குச் சொல்ல வாய் வரல."

நான் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்க்கவில்லை.

கம்பெனி வக்கீல் எழுந்தார். அவருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது: இதுவரை போனைக் காதால் கேட்ட ஆளே இல்லை, இப்போது இருக்கிறார். "இது சாட்சியின் பேச்சுதானா, இயந்திரம் நிரப்பியதா? இந்தப் பதிப்பில் அப்படி ஒரு வசதி உண்டு."

என்னை அழைத்தார்கள். உறுதிமொழி எடுத்துக்கொண்டேன். பதிவைப் பெரிய திரையில் போட்டேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரே எழுதியவர் பெயர்: சங்கரவடிவு, சங்கரவடிவு, சங்கரவடிவு. கோர் என்ற பெயர் ஒரே ஓர் இடத்தில், நீக்கப்பட்டது என்ற குறிப்போடு. ஏன் அப்படி என்று விளக்கினேன். விளக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கேள்வி" என்றார் வக்கீல். "இந்தப் பதிலை இதற்கு முன்னால் நீங்கள் கேட்டதுண்டா?"

எனக்குச் சொந்தக் குரல் இருக்கிறது. பட்டை இல்லை, வரைவு இல்லை. இரண்டு விநாடிக்கு மேலேயே நின்றேன்.

"மிஷின் ஒரு வார்த்தை சொல்லி வியாழக்கெழம கேட்டேன். அவங்க சொல்லிக் கேக்கறது இன்னைக்குத்தான்."

"இரண்டும் ஒன்றுதானே?"

"இல்ல சார். மிஷினுக்கு அமலி கையப் புடிச்சது தெரியல."

தலைவர் எழுத்தரிடம் ஏதோ சொன்னார். பிறகு அடுத்த சாட்சியை அழைத்தார். சேர்மக்கனி அண்ணாச்சி முன்னால் வந்தார். கையில் இருந்த எழுதிய வாக்குமூலத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மொத அறிக்கையில எம்பொண்டாட்டி பேரு இருக்கு. அத எடுங்க. எடுத்த பொறவு நான் பேசுதேன்."

"இதை நான் பரிந்துரையாக எழுதுகிறேன்" என்றார் தலைவர்.

"எழுதுங்க. எழுதுத வரைக்கும் நிக்கேன்."

அவர் நின்றார். தலைவர் எழுதினார். உணவு இடைவேளைக்குக் கலைந்தோம்.

எல்லோரும் வெளியே போனபிறகும் வடிவு அக்கா அதே நாற்காலியில் இருந்தார். அவர் பக்கம் யாரும் வரவில்லை. யாரும் திட்டவும் இல்லை. எங்கள் ஆட்கள் வாசலில் கூட்டமாக நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தபோது சேர்மக்கனி அண்ணாச்சி உள்ளே வந்தார். அக்காவின் பக்கத்தில் உட்காரவில்லை. நடுவில் இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்தார். முகத்தைத் திருப்பவில்லை.

"அன்னைக்கு அவ மத்தியானம் சாப்பிட்டாளா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று அக்கா தலையசைத்தார்.

"போன் வாரதுக்கு முன்னால என்ன பேசிக்கிட்டு இருந்தா? நீயும் அவளும் மட்டுந்தான இருந்திய. பதினோரு வருஷமா உங்கிட்ட கேக்கணும்னு இருந்தேன். நீ என்னையக் கண்டாலே ஒதுங்கிப் போயிருவ."

என் திரையில் அக்காவின் பெயருக்கு நேரே 'வரைவு' என்று எழுந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாகச் சேரத் தொடங்கின. மடிக்கணினியை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.